கவனிப்பில் உள்ளது

லிப்டுக்குள் கால் வைத்ததும் அந்த மெக்கானிக் ஒரு குதி குதிப்பார். பெரிய குதி ஒன்றுமில்லை. குதிகால் இரண்டு விரற்கடை எழும்பித் 'தொப்' என்று இறங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் கோட்டுப் போட்ட அதிகாரி நின்றாலும் சரி, கையில் பூங்கொத்தோடு யாராவது நின்றாலும் சரி, அந்தக் குதி தவறாது. பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பவர்களிடம், "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கியான்னு கேட்டேன்" என்பார். லிப்டைக் கேட்டாராம். அதுவும் சொல்லிவிட்டதாம். கோட்டுக்காரர் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போவார்.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம், நாலு லிப்ட், நாலுக்கும் சேர்த்து இந்த ஒரு மெக்கானிக். வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி மேனேஜர்வரை எல்லோருக்கும் அவர் 'ஓவர்லோடு'. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிப்டில் ஒருநாள் பதினொரு பேர் ஏறிக்கொண்டார்கள். மணி அலறியது. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. இவர் வந்தார், திறந்திருந்த கதவுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "யாரு இறங்குறதுன்னு பொறுமையாப் பேசி முடிங்க. நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்." மூன்றாவது கவளத்துக்கு மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். பேர் மட்டும் இறங்கவில்லை.

அந்தப் பேர் இப்போது அவருடைய போனுக்குத்தான் பொருத்தம். அதற்குள் பதினாறு வேதாகமச் செயலிகள் இருக்கின்றன.

"அண்ணே, லிப்டுல ஒன்பதாவது ஆள் காலை வச்சா கத்துறீங்க. போன்ல மட்டும் பதினாறு பைபிளா? மணி அடிக்காதா?" என்று காவலாளி கேட்டார்.

"அடிக்குதுப்பா. 'இடம் போதவில்லை'ன்னு தினம் மூணு தடவை அடிக்குது. யாரை இறக்குறதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பார்க்கிற விதமே தனி. கயிறு வாங்குகிறவர் கயிற்றைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். லிப்டில் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு தகடு அடித்திருக்கும். யார் செய்தது, எந்த வருஷம், எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் இருக்கும். செயலியிலும் முதலில் அந்தத் தகட்டைத்தான் தேடுவார். வசனத்துக்கு விளக்கம் எழுதிய ஆள் யார், எந்தக் காலத்தவர், எந்தச் சபைக்காரர் என்று போட்டிருக்கிறதா? போடவில்லையென்றால் அன்றைக்கே அழித்துவிடுவார். "பேர் போடாம விளக்கம் சொல்றவனும் தகடு இல்லாத பிரேக்கும் ஒண்ணு. நிக்கும். ஆனா எப்ப நிக்காதுன்னு தெரியாது."

அடுத்தது, வசனமும் விளக்கமும் ஒரே எழுத்தில் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கக் கூடாது. எது வேதம், எது விளக்கக்காரரின் சொந்தச் சரக்கு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அதற்கடுத்தது, லிப்ட் ஓடுகிற குழிக்குள் சிக்னல் கிடையாது, அங்கேயும் அது திறக்க வேண்டும். எழுத்து பெரிசாக வேண்டும், ஏனென்றால் அவர் மூக்குக்கண்ணாடியில் எந்நேரமும் கிரீஸ். இத்தனையிலும் தேறி வந்த செயலிகளே பதினாறு என்றால், விழுந்தவை எத்தனை என்று அவருக்கே நினைவில்லை.

விழுந்தவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டடமே நின்று கேட்கும். ஒன்று தினமும் காலையில் சூரிய உதயப் படத்தோடு ஒரு வசனம் அனுப்பும். படிக்க மறந்தால் 'நாற்பது நாள் தொடர்ச்சி போய்விடும்' என்று மிரட்டும். "நாப்பது நாளும் நான் திறந்தேன், மூடினேன். படிச்சேனான்னு அதுக்குத் தெரியல. நல்ல பையன்னு தங்க மெடல் கொடுத்துச்சு. வெக்கமாப் போச்சு." இன்னொன்று வாசித்துக் காட்டும், ஆனால் பின்னால் வயலின் அழும். "நான் எப்ப அழணும்னு அது முடிவு பண்ணுதுப்பா." மூன்றாவதில், ஒரு மனிதர் எல்லாம் இழந்து சாம்பலில் உட்காருகிற இடத்தில், நடுவே பாய்ந்து வந்தது ஒரு விளம்பரம். பத்தே நாளில் தொப்பையைக் குறைக்கலாமாம்.

அந்தச் சாம்பல் மனிதர்தான் விஷயம். எந்தச் செயலி வந்தாலும் ஓவர்லோடு கடைசியாகப் போய் நிற்பது அவருடைய கதையின் கடைசிப் பக்கத்தில்தான். அதுதான் எடைச் சோதனை.

கதை தெரியாதவர்களுக்கு: நல்ல மனிதர், ஆடுமாடு எக்கச்சக்கம், ஏழு மகன், மூன்று மகள். ஒரே நாளில் சொத்து போயிற்று. பெருங்காற்றடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் போயின. உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்துகொண்டு கடவுளைக் கேள்வி கேட்டார். கடைசியில் எல்லாம் திரும்பி வந்தது. ஆடுமாடு இரண்டு மடங்கு. பிள்ளைகள் மறுபடியும் ஏழும் மூன்றும். சுபம்.

ஓவர்லோடின் மனைவி அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி மடிக்கிறவர். தெருவில் அவருக்குப் பேர் பெட்டி அக்கா. முன்பெல்லாம் இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, ஒருவர் துணி மடிக்க ஒருவர் வேதம் வாசிப்பார்கள். வாசிக்கிறவர் திக்கினால் மடிக்கிறவர் சிரிப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால், அவர்களுடைய எட்டு வயது மகன் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த வருஷம் ஒரு மகள் பிறந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்த சபைக்காரர்கள் எல்லோரும், எழுதிக் கொடுத்த மாதிரி ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "பாத்தியாம்மா, கர்த்தர் திருப்பிக் கொடுத்துட்டார். சாம்பல்ல உட்கார்ந்தவருக்குக் கொடுத்த மாதிரியே."

எல்லோரும் போனபிறகு பெட்டி அக்கா அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"என்னங்க, திரும்பப் பத்துப் பிள்ளைங்கன்னு போட்டிருக்கு. சரி. பழைய பத்து என்னாச்சு? அந்தம்மா அதுங்களை நெனச்சு அழுதாங்களா, இல்ல புதுசு வந்ததும் மறந்துட்டாங்களா? முதல்ல ஒரு தடவை வந்து புருஷனைத் திட்டிட்டுப் போறாங்க, அப்புறம் அந்தம்மாவையே காணோம். அவங்களுக்குன்னு ஒரு வரி கூடவா இல்ல?"

"பாத்துச் சொல்றேன்" என்றார் இவர். மெக்கானிக் வாயில் தானாக வருகிற பதில்.

"பாருங்க. ஆனா சபையில யார்கிட்டயும் இதைக் கேக்காதீங்க. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை கேக்க என்னால முடியாது."

"சத்தியமாக் கேக்க மாட்டேன்."

அன்றைக்கு வேதத்தை மூடிப் பீரோவுக்குள் வைத்தவர்தான் பெட்டி அக்கா. மூன்று வருஷம் ஆயிற்று. மகளைக் குளிப்பாட்டுகிறார், சிரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வருகிறார். புத்தகத்தை மட்டும் தொடுவதில்லை. யாரிடமும் கேட்கக் கூடாதென்றால் போனிடம்தானே கேட்க முடியும்? பதினாறு செயலிக்குக் காரணம் இதுதான். மனைவி மறுபடியும் பக்கத்தில் வந்து உட்கார ஒரு பதில் கிடைக்காதா என்று ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கிறார். போதகர் அவருக்கு வேதத்தில் அப்படியொரு தாகம் என்று நினைத்துக்கொண்டு, புதிது புதிதாக இணைப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

ஒரு செயலியில் அருமையான பதில் கிடைத்தது. ஆடுமாடு இரண்டு மடங்கானபோது பிள்ளைகள் ஏன் இரண்டு மடங்காகவில்லை? முதல் பத்துப் பேர் தொலைந்து போகவில்லை, பரலோகத்தில் இருக்கிறார்கள், ஆகவே மொத்தம் இருபது. ஓவர்லோடு அன்றைக்குப் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வீட்டுக்கு ஓடினார். பெட்டி அக்கா முழுவதும் கேட்டார். "கூட்டல் சரியாத்தான் இருக்கு. நான் கூட்டல் கேக்கலையே" என்று சொல்லிவிட்டுப் பால் அடுப்பில் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற அரட்டைச் செயலி ஒன்றும் வந்தது. கேள்வியைத் தட்டி முடித்து விரலை எடுப்பதற்குள் ஐந்து குறிப்பாகப் பதில் வந்துவிட்டது. 'அந்த அம்மா?' என்று திருப்பிக் கேட்டார். 'மிக நல்ல கேள்வி' என்று பாராட்டிவிட்டு மேலும் ஐந்து குறிப்பு கொடுத்தது. "நான் மூணு வருஷமா நிக்கிற இடத்தை இது மூணு செகண்ட்ல தாண்டிப் போகுதுப்பா. என்னைப் பாக்கக்கூட இல்ல" என்றார் காவலாளியிடம். என்ன கேள்வி என்று காவலாளி கேட்டார். "கயிறு சம்பந்தமானது" என்று மழுப்பிவிட்டார்.

அவர் கணக்கில் பொய் என்றால் இது ஒன்றுதான். மற்றபடி உண்மை பேசியே மேனேஜரிடம் திட்டு வாங்குகிறவர். மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் இருக்கிற அறையில் ஒரு தடித்த நோட்டு தொங்கும். பழுது, காரணம், செய்தது என்று மூன்று கட்டம். இவருக்கு முன்னால் இருந்தவர்கள் பக்கம் பக்கமாக 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் எழுதுவது இப்படி: 'மூன்றாம் லிப்ட் ஏழாம் மாடியில் அரை விரற்கடை கீழே நிற்கிறது. காரணம் தெரியவில்லை. கவனிப்பில் உள்ளது.'

"தெரியலைன்னு எழுதாதீங்கய்யா. பாக்கறவன் என்ன நெனப்பான்?" என்று மேனேஜர் தலையிலடித்துக்கொள்வார்.

"எழுதலைன்னா சார், அடுத்து வர்றவன் எனக்குத் தெரியும்னு நம்பி உள்ள கால வச்சிருவான்."

பதினாறாவதாக வந்தது ஒரு சாதாரணச் செயலி. படம் இல்லை, வயலின் இல்லை, மெடல் இல்லை. விளக்கம் வேறு நிறத்தில் இருந்தது, எழுதியவரின் தகடும் இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், மோட்டார் அறையில் சாப்பாட்டுக்குப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். விளக்கக்காரர் முந்தைய வசனத்துக்கு எழுதியிருந்தார், பிந்தைய வசனத்துக்கு எழுதியிருந்தார். பிள்ளைகள் திரும்பி வந்த வசனத்தின் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. ஓவர்லோடு அந்த வெள்ளையை ரொம்ப நேரம் பார்த்தார். தெரியாத இடத்தில் சும்மா இருந்திருக்கிறான் மனுஷன், நல்ல மெக்கானிக் என்று தோன்றியது. கீழே 'குறிப்பு எழுத' என்று ஒரு பொத்தான் இருந்தது. பழக்கதோஷம். கை தானாக எழுதியது.

'பழுது: பிள்ளைகள் திரும்பக் கிடைத்ததாக உள்ளது. பழைய பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. தாயார் என்ன ஆனார் என்று என் மனைவி கேட்கிறார், அதுவும் இல்லை.
காரணம்: தெரியவில்லை.
செய்தது: பதினாறு ஆப் பார்த்தாயிற்று. கவனிப்பில் உள்ளது.'

அதோடு நிறுத்தினாரா? நோட்டில் வழக்கமாகப் போடுவதுபோல, 'அவசரத்துக்கு' என்று போட்டுத் தன் போன் எண்ணும், பக்கத்தில் 'லிப்ட் பராமரிப்பு' என்றும் எழுதிச் சேமித்தார். சேமிக்கிற இடத்தில் இரண்டு தலை போட்ட சின்னப் படம் ஒன்று பச்சையாக எரிந்தது. 'நானும் வீட்டுக்காரியும்' என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். அது சபைக் குழு முழுவதற்கும் காட்டுகிற அடையாளம். போதகர் அனுப்பிய இணைப்பு வழியாக உள்ளே வந்தவர், நூற்று நாற்பது பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு இரண்டாம் லிப்டின் தலைமேல் ஏறி ஒரு மணி நேரம் வேலை செய்தார். குழிக்குள் சிக்னல் இல்லாததால் உலகம் அமைதியாக இருந்தது. மேலே ஏறி வந்ததும் சட்டைப்பை துடித்தது. நின்று, மறுபடி துடித்தது. கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார்.

முதல் பதில்: 'அண்ணே, எங்க அபார்ட்மென்ட் லிப்ட் கதவு மூடி மூடித் திறக்குது. திங்கக்கிழமை வர முடியுமா?'

என்ன நடந்திருக்கிறது என்று புரிந்து முடிப்பதற்குள், 'சென்சாரைத் துடைச்சுப் பாருங்க' என்று பதில் போட்டுவிட்டார். தொழில் பக்தி. அப்புறம்தான் விஷயம் உறைத்து, மோட்டார் மேடையிலேயே உட்கார்ந்தார்.

இரண்டாவது, சபையில் கடைசி வரிசையில் உட்காரும் கணக்கு டீச்சர். 'பழுது: அதே. காலம்: பதினோரு வருடம். கவனிப்பில் உள்ளது.'

மூன்றாவது யாரென்று தெரியவில்லை. 'இங்கேயும்' என்று மட்டும் இருந்தது.

நான்காவது போதகர். 'இந்த வசனத்தை வைத்து மூன்று அடக்க ஆராதனைகளில் பேசியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கே வந்தும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாயாரை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. காரணம் எனக்கும் தெரியவில்லை.'

கீழே இன்னும் இருந்தது. அவர் படிக்கவில்லை. மூன்று வருஷமாகக் காப்பாற்றிய சத்தியம், ஒரு பச்சை விளக்கில் போய்விட்டது. உடனே அழித்துவிட்டால்? பெட்டி அக்காதான் சபைக் குழு எதிலும் இல்லையே, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை யாரும் வாய் திறக்காமல் இருந்தால் தெரியவே தெரியாது. 'அழி' என்பதைத் தொட்டார். செயலி கேட்டது: 'இந்தக் குறிப்பை அழித்தால் இதற்கு வந்த பதில்களும் அழியும். தொடரவா?'

டீச்சரின் பதினோரு வருஷத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் நின்றது. பிறகு விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, நேரத்தோட கிளம்பிட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்றார் காவலாளி.

"இல்லப்பா. வீட்டுல ஒரு பழுது. நானே பண்ணினது."

வீட்டில் மகள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, பொம்மையிடம் "மேல போறோம், கையை உள்ள வை" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி அக்கா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு? கயிறு ஏதாவது அறுந்துபோச்சா?"

"கயிறு இல்ல. வாய்."

"அது அறுந்து எத்தனையோ வருஷமாச்சே."

இவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். போனைக் கொடுத்தார். அக்கா குறிப்பைப் படித்தார்.

"யார்கிட்டயும் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

"ஆமா."

"சத்தியம் பண்ணினீங்க."

"ஆமா. நமக்கு மட்டும்னு நெனச்சு எழுதிட்டேன். ரெண்டு தலை போட்டிருந்துச்சு. நீயும் நானும்னு நெனச்சேன்."

"நூத்தி நாப்பது பேரையும் வரைஞ்சுக்கிட்டு இருப்பானா? ரெண்டு தலைதான் போடுவான்." உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "எல்லாரும் என்னைப் பத்திப் பேசியிருப்பாங்க."

"ஒருத்தர் கதவு ரிப்பேருக்குக் கூப்பிட்டிருக்காங்க. மத்தவங்க அவங்கவங்களைப் பத்திப் பேசியிருக்காங்க. நான் பாதிதான் படிச்சேன். அழிக்கலாம்னு போனேன், அவங்க எழுதினதும் சேர்ந்து போயிரும்னுச்சு. அதான் உன்கிட்ட கொண்டுவந்தேன். நீ அழின்னா அழிச்சிடறேன்."

அக்கா திரையைக் கீழே தள்ளினார். நின்றார்.

"இது யாரு, பதினோரு வருஷம்?"

"கணக்கு டீச்சர்."

"டீச்சரா? எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களே."

"ஆமா."

"நம்ம பிள்ளை பொறந்தப்ப அவங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. கையைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் என்னவோ பேசப் பிடிக்கலையாக்கும்னு நெனச்சேன்." மறுபடியும் குறிப்புக்கு ஏறிப் போனார். "'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"தெரியலையே."

"மூணு வருஷமா வாரத்துக்கு ஒரு பதிலைத் தூக்கிட்டு ஓடி வந்தீங்களே தவிர, இதை ஒரு தடவை என்கிட்ட சொன்னீங்களா?"

ஓவர்லோடு யோசித்துப் பார்த்தார். "இல்ல. சொன்னா நீ தனியா நிப்பேன்னு நெனச்சேன்."

"பதில் சொன்னப்பதான் தனியா நின்னேன்."

பெட்டிக்குள்ளிருந்து மகள், லிப்ட் நின்றுவிட்டது, மெக்கானிக் வர வேண்டும் என்று அறிவித்தாள். அவர் போய்ப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவதற்குள் போன் ஒருமுறை கூவியது. சார்ஜ் நாலு சதவீதம்தான் பாக்கி. அணைந்துவிடும், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம் என்று அவர் கையை நீட்டினார். பெட்டி அக்கா கொடுக்கவில்லை. சார்ஜரைத் தேடி எடுத்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையோரமாக இருந்த பிளக்கில் சொருகினார். வயர் ஒரு முழம்கூட இல்லை. நாற்காலிவரை எட்டவில்லை. துண்டைக் கீழே போட்டுத் தரையில் உட்கார்ந்தார், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார்.

"என் கண்ணாடி பீரோவுக்குள்ள இருக்கும், கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே போதகர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு, சுவரோரமாக ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தார்.